ஃபெண்டர் லோகோ பிடிக்கவில்லையா? முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள்

ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கப் போகிறவர்கள், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால், கிட்டாரின் தலையான ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் எழுத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். மெல்லிசாக இருந்த பழைய எழுத்துதான் அழகு, தடித்தது சோப்பு டப்பா மேல் அச்சடித்த மாதிரி இருக்கிறது என்பது ஒரு கட்சி. கருப்பு எழுத்து இல்லாவிட்டால் எழுபதுகளின் முகமே இல்லை என்பது எதிர்க்கட்சி. லோகோவால் ஒலி மாறாது என்று இரண்டு கட்சிக்கும் தெரியும். ஆனாலும் கிட்டாரை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணில் படுவது அந்த எழுத்துதான். அதனால் இதை வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

பிடிக்காத லோகோவோடு ஒரு கிட்டார் கையில் இருந்தால், அல்லது வாங்க நினைக்கும் மாடலில் பிடிக்காத லோகோ இருந்தால், வழி நாலைந்துதான்: அப்படியே விட்டுவிடலாம், பிடித்த லோகோவோடு வரும் மாடலைத் தேடி வாங்கலாம், நெக்கை (கழுத்துப் பகுதியை) மாற்றலாம், டெக்கலை (எழுத்து அச்சான மெல்லிய ஒட்டுப் படலத்தை) மட்டும் மாற்றலாம், எழுத்தையே மூடிவிடலாம். இதில் எது சரி என்பதை ரசனையைவிட அதிகமாக முடிவுசெய்வது இரண்டு சங்கதி: டெக்கல் பூச்சுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? தொடர் எண் எங்கே இருக்கிறது?

எந்த எழுத்து எந்தக் காலத்தது

1954-ல் ஸ்ட்ராட் வந்தபோது இருந்தது மெல்லிய கோட்டில் சாய்ந்தெழுதிய தங்க நிற எழுத்து, ஓரத்தில் கருப்புக் கோடு. சேமியாவைச் சுழற்றிப் போட்ட மாதிரி இருப்பதால் ‘ஸ்பகெட்டி லோகோ’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1964 நடுவில் அது போய், ராபர்ட் பெரைன் வரைந்த தடித்த தங்க எழுத்து வந்தது. இதைத்தான் ‘ட்ரான்சிஷன் லோகோ’ என்கிறார்கள். 1965 ஜனவரியில் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1.3 கோடி டாலருக்குக் கம்பெனியை வாங்கியது. வாங்கியவர்கள் மேல் இருந்த எரிச்சலில் பலர் இந்தத் தடித்த எழுத்தையும் அவர்கள் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். பாவம், இதற்கு அவர்கள் பொறுப்பில்லை. அவர்கள் வரும் முன்பே எழுத்து மாறிவிட்டது. அவர்கள் கணக்கில் நியாயமாகச் சேர வேண்டியது 1965 கடைசியில் பெருத்த ஹெட்ஸ்டாக்கும், 1968-ல் வந்த தங்கக் கரை போட்ட கருப்பு எழுத்தும்தான். 1976-ல் தொடர் எண்ணும், நெக்கை உடலோடு இறுக்கும் தகடான நெக் ப்ளேட்டை விட்டு டெக்கலுக்கு ஏறியது. சேகரிப்பவர்களுக்கு இது சின்ன விஷயம், டெக்கலைச் சுரண்ட நினைப்பவருக்குப் பெரிய விஷயம்.

லோகோவில் பணம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதற்கு ஜப்பானில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1982-ல் ஃபுஜிஜென் ஆலையில் செய்து ஏற்றுமதியான ஆரம்பகால ‘ஜேவி’ கிட்டார்களில் ஃபெண்டர் என்று பெரிதாகவும், ஹெட்ஸ்டாக் நுனியின் வட்டத்தில், ஃபெண்டரின் மலிவு வரிசைப் பெயரான ‘ஸ்க்வையர் சீரிஸ்’ என்று சின்னதாகவும் இருந்தது. கொஞ்ச காலத்தில் அது தலைகீழாகி, ஸ்க்வையர் பெரிதாகிவிட்டது. ஆலையும் வேலையும் ஒன்றேதான். ஆனாலும் பழைய கிட்டார் சந்தையில் முதல் வகைக்குத்தான் கூடுதல் விலை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஃபெண்டரில் நெக் என்பது திருகால் மாட்டிய தனிப் பொருள். லோகோ நெக்கின் வயதைச் சொல்லும், கிட்டாரின் வயதை அல்ல. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோரின் கருப்பு ஸ்ட்ராட் 1969-ஆம் ஆண்டு உடல்; நெக் பலமுறை மாறி, கடைசியில் 1980-களின் மறுபதிப்பு நெக்கோடு நின்றது. 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39.75 லட்சம் டாலருக்கு அது போனபோது, நெக் பொருந்தவில்லை என்று யாரும் விலையைக் குறைக்கவில்லை. நம் கிட்டாருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

இரண்டு சோதனை

ஹெட்ஸ்டாக்கைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடியுங்கள். எழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய படலத்தின் விளிம்பு தெரிகிறதா? பிறகு நகத்தை அந்த விளிம்பின் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் தட்டினால் டெக்கல் பூச்சுக்கு மேலே இருக்கிறது. கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் கீழே இருக்கிறது. 1950-களின் நெக்குகளில் டெக்கல் பூச்சுக்கு மேலேதான். பல பழைய கிட்டார்களில் எழுத்து பாதி தேய்ந்திருப்பது அதனால்தான். இன்றைய மாடல்களில் இரண்டு விதமும் உண்டு. வருஷத்தை வைத்து ஊகிக்காமல் தடவிப் பாருங்கள்.

பூச்சின் நிறம் ஏமாற்றும். 1968 வாக்கில் நெக்குகளுக்குப் பாலியெஸ்டர் வந்தபோது, ஹெட்ஸ்டாக் முகத்துக்கு மட்டும் பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரை விட்டுவைத்தார்கள். பாலி டெக்கலோடு ஒத்துப்போகவில்லை. அதனால் எழுபதுகளின் நெக்கில் முகம் மட்டும் மஞ்சள் பூத்தும் பின்பக்கம் வெளிறியும் இருக்கும். யாரோ மறுபூச்சு கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டாம், அது பிறவி நிறம்.

இரண்டாவது சோதனை தொடர் எண். அது நெக் ப்ளேட்டிலோ ஹெட்ஸ்டாக்கின் பின்னாலோ இருந்தால் பிழைத்தீர்கள். முன்பக்க டெக்கலிலேயே இருந்தால், டெக்கலைத் தொடுவது என்ற வழியை இப்போதே அடித்துவிடுங்கள். எண் போன கிட்டாரைத் திருட்டுப் பொருளாகத்தான் வாங்குபவர் பார்ப்பார்.

பிடித்த லோகோவோடு வரும் மாடல்

பணம் இருந்தால் குறைந்த தலைவலி இதில்தான். ஸ்பகெட்டி வேண்டுமென்றால் 2022-ல் வந்த அமெரிக்கன் வின்டேஜ் 2 வரிசையில் 1957, 1961 மாடல்கள். பெரிய ஹெட்ஸ்டாக்கும் கருப்பு எழுத்தும் வேண்டுமென்றால் அதே வரிசையில் 1973. மெக்சிகோவில் செய்த வின்டேரா வரிசையில் (2019) ஐம்பது, அறுபது, எழுபதுகளின் பாணி மூன்றும் குறைந்த விலையில் கிடைத்தன, பழையதாகவும் தேடலாம்.

ஆனால் லோகோ தனியாக வராது, அந்தக் காலத்தையே மூட்டை கட்டிக்கொண்டு வரும். இந்த மறுபதிப்புகளின் ஃப்ரெட்போர்டு (விரல் வைக்கும் பலகை) வளைவின் ஆரம் 7.25 அங்குலம், இன்றைய சாதாரண ஸ்ட்ராட்டில் 9.5. எண் குறைந்தால் வளைவு கூடும். வளைவு கூடினால் கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் மேல் ஃப்ரெட்டுகளில் கம்பியை ஒரு முழு ஸ்வரத்துக்கு மேல் இழுத்தால், ஆக்‌ஷன் (ஃப்ரெட்டிலிருந்து கம்பியின் உயரம்) தாழ்வாக இருக்கும் பட்சத்தில், கம்பி அடுத்த ஃப்ரெட்டில் இடித்துச் செத்துவிடும். ஆக்‌ஷனை ஏற்றினால்தான் தீரும். ஃப்ரெட்டும் 21-தான். நட் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை) பக்கத்து அகலம் பழைய அளவில் சுமார் 42 மில்லிமீட்டர், நவீன மாடல்களில் சுமார் 43. 1973 மாடலில் மூன்று திருகு நெக்கும் தலையில் புல்லட் ட்ரஸ் ராடும் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) சேர்ந்தே வரும். எழுத்துக்காக வாங்கி, வாசிக்க வசதியில்லை என்று ஆறு மாதத்தில் விற்பது அதிகம் நடக்கிற கதை. லோகோவைப் பார்க்குமுன் கடையில் உட்கார்ந்து 15-ஆவது ஃப்ரெட்டில் முதல் கம்பியை இழுத்துப் பாருங்கள்.

நெக்கை மாற்றுவது

இதுதான் இருப்பதிலேயே நேர்மையான வழி, திரும்பி வரவும் முடியும். பழைய நெக்கைத் துணியில் சுற்றி வைத்துவிட்டால், விற்கும்போது பழையபடி மாட்டிக் கொடுக்கலாம். வார்மாத், ஆல்பார்ட்ஸ் இரண்டும் ஃபெண்டரின் உரிமம் பெற்று நெக் செய்கிறார்கள். அவற்றில் ஹெட்ஸ்டாக் வடிவம் அசல், லோகோ இருக்காது. வெற்று மேப்பிள் முகம் பிடிக்குமென்றால் வேலை அத்தோடு முடிந்தது; ரசனையை வைத்துச் சொன்னால், தடித்த எழுத்தைவிட வெறும் மரமே அழகு.

அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். அடிப்பகுதி அகலம் சுமார் 56 மி.மீ., கனம் சுமார் 25.4 மி.மீ., ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) 648 மி.மீ. ஸ்ட்ராட் நெக்கின் அடி வட்டமாக முடியும், டெலிகாஸ்டருக்குத் தட்டை. மூன்று திருகு உடலில் நாலு திருகு நெக் நேரடியாகப் பொருந்தாது. ட்யூனர் (கம்பியை முறுக்கும் சாவி) துளையும் மாறும்: வின்டேஜ் வகைக்கு சுமார் 8.8 மி.மீ., நவீன வகைக்கு 10 மி.மீ. பெரிய துளையில் சின்ன ட்யூனரைப் போட புஷ் கிடைக்கும். சின்னத் துளையைப் பெரிதாக்கக் கைத்துரப்பணத்தை நேரடியாகப் போட்டால் மேப்பிள் விளிம்பு சிம்பு கிளம்பும், ரீமர்தான் சரி.

நெக்கில் துளை இல்லையென்றால், உடலின் பாக்கெட்டில் (நெக் பொருந்தும் குழியில்) உட்காரவைத்து, இரண்டு ஓரக் கம்பிகளையும் லேசாகக் கட்டி, அவை ஃப்ரெட்போர்டின் இரு விளிம்பிலிருந்தும் ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே உடலின் துளை வழியாகக் குறி போடுங்கள். குறி போட்ட இடத்தில் 3.2 மி.மீ. பிட். திருகில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். பைலட் துளை சின்னதாகிவிட்டால் கெட்டி மேப்பிளில் திருகின் தலை முறுகி ஒடியும். ஒடிந்த திருகை எடுப்பது நெக் மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

டெக்கலை மட்டும் மாற்றுவது

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான், அதிகமாகக் கெடுவதும் இதில்தான்.

டெக்கல் பூச்சுக்கு மேலே இருந்தால்: ட்யூனர்களையும், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்ட்ரிங் ட்ரீயையும் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் எழுத்தின் மேல் போட்டு வையுங்கள். பிறகு ஐஸ்குச்சியின் விளிம்பால் ஓரத்திலிருந்து தள்ளுங்கள், கத்தி வேண்டாம். மிச்சம் இருக்கும் பிசினை லைட்டரில் ஊற்றும் திரவத்தால் துடைக்கலாம், நைட்ரோவையும் பாலியையும் அது ஒன்றும் செய்யாது. நெயில் பாலிஷ் ரிமூவரும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரும் நைட்ரோவை நொடியில் கரைத்துவிடும். இவ்வளவு கவனமாகச் செய்தாலும், எழுத்து போன இடத்தில் அதன் ஆவி நிற்கும்: வெயிலும் காற்றும் பட்டு சுற்றிலும் மஞ்சளாகிய பூச்சு, எழுத்துக்கு அடியில் மட்டும் வெளிறியே இருந்திருக்கும். பாலிஷ் போட்டு இதைப் போக்க முடியாது. அதனால் மெல்லிய எழுத்தை எடுத்துத் தடித்ததைப் போடுவது சுலபம், புதியது பழைய தடத்தை மூடிவிடும். தடித்ததை எடுத்து ஸ்பகெட்டி போடுவது கஷ்டம். துரதிர்ஷ்டம், ஆசைப்படுகிற எல்லோரும் இரண்டாவது திசையில்தான் போகிறார்கள்.

டெக்கல் பூச்சுக்குக் கீழே இருந்தால் முகம் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் குழி விழும், நிறம் பூசிய நெக்கில் வெள்ளைத் திட்டும் விழும். 320 உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, மரத்தின் ரேகை வாக்கில், எழுத்து மறையும் வரை, பிறகு 400. விரலால் அழுத்தித் தேய்த்தால் முகம் அலை அலையாகும். ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் கூரான விளிம்பு உருண்டு ஹெட்ஸ்டாக்கின் வடிவமே மாறும்.

புதிய டெக்கலுக்கு அடித்தளம் வழவழப்பாக இருக்க வேண்டும். சாண்டிங் சீலர், அதன் மேல் மூன்று நாலு கை (பூச்சு) என்சி கிளியர், காய்ந்ததும் 800-ல் சமன் செய்யுங்கள். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று தங்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளி பூத்த மாதிரி பளபளக்கும்; மேலே எத்தனை கை அடித்தாலும் அது போகாது.

நீரில் ஊறவைத்து ஒட்டும் வாட்டர்ஸ்லைடு தாளை வீட்டு இங்க்ஜெட்டில் அச்சடித்தால் மை நீரில் ஓடும். அச்சுக்குப் பிறகு அக்ரிலிக் கிளியர் மூன்று மெல்லிய கை அடித்துக் காயவிட வேண்டும். லேசர் அச்சில் மை ஓடாது. ஆனால் எந்த வீட்டு பிரிண்டரும் தங்கத்தை அச்சடிக்காது, கடுகு நிறம்தான் வரும். தங்கம் வேண்டுமென்றால் ஸ்க்ரீன் பிரிண்ட் செய்தது வேண்டும், அல்லது ஃபாயில். வெட்டிய வினைல் ஸ்டிக்கரைப் பற்றி ஒரே வரி: மெல்லிய வால்கள் தூக்கிக்கொள்ளும், மேலே லாக்கர் அடித்தால் பிசுபிசுப்பு மாறாது, வேண்டாம்.

ஒட்டும் முன் ட்ரேசிங் தாளில் ஹெட்ஸ்டாக்கை வரைந்து, ட்ரீயின் துளையையும் குறித்து, எழுத்து எங்கே விழுகிறது என்று பாருங்கள். எழுபதுகளின் பெரிய கருப்பு எழுத்தைச் சின்ன ஹெட்ஸ்டாக்கில் திணித்தால் இடம் போதாது. டெக்கலை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் ஊறவிட்டு, ஈரமான முகத்தின் மேல் தாளோடு வைத்து, தாளை உருவுங்கள். ஈரம் இருக்கும் வரை நகர்த்தலாம். சரியான இடம் வந்ததும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஈரப் பஞ்சால் நீரைத் தள்ளி, ஒரு நாள் தொடாமல் விடுங்கள்.

அடுத்த கட்டத்தில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். முதல் கையை ஈரமாக அடித்தால் தின்னர் படலத்தைக் கரைத்து, எழுத்து சுருங்கிய அப்பளம் மாதிரி ஆகிவிடும். முதல் மூன்று கையும் தூரத்திலிருந்து தூவல் மட்டும், அரை மணி இடைவெளியில். பிறகு ஒரு நாளைக்கு மூன்று கை வீதம் மொத்தம் 10 முதல் 12 கை. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் லாக்கர் பால் மாதிரி வெளுக்கும். ஐப்பசி மழையில் சென்னையில் இந்த வேலையைத் தொடாதீர்கள், அல்லது மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னரைக் கலந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, 1000 வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். டெக்கலின் விளிம்பு பளபளப்பான கோடாகத் தெரிந்தால் அங்கே இன்னும் சமன் ஆகவில்லை என்று அர்த்தம். அதைத் துரத்திக்கொண்டு போனால் விளிம்பு கிழிந்து எழுத்தின் நுனி போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நிறுத்தி, இன்னும் மூன்று கை அடித்து, காயவிட்டு, மறுபடி தேயுங்கள். பிறகு 1500, 2000, கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட்.

கார் பெயின்ட் ஷெட்டில் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் அடித்துக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று கையிலேயே விளிம்பு மூழ்கிவிடும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு இருப்பதால் வீட்டு மாடியில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் சமாச்சாரம் இல்லை. பழைய மஞ்சளும் அதில் வராது.

திரும்ப மாட்டும்போது ட்யூனர் துளைக்குள் இறங்கிய லாக்கரைச் சுருட்டிய உப்புத்தாளால் எடுத்துவிட்டுத்தான் புஷ்ஷை அழுத்த வேண்டும். எடுக்காமல் அழுத்தினால் துளையைச் சுற்றி லாக்கர் வட்டமாக வெடிக்கும். ஸ்ட்ரிங் ட்ரீ திருகை நேரடியாக இறக்கினால் அது டெக்கலை முறுக்கிக் கிழிக்கும்; அந்த இடத்தில் பிளேடால் ஒரு சின்னக் குறுக்கு வெட்டுப் போட்டுவிட்டு இறக்குங்கள்.

மூடிவிடுவது, அப்படியே விடுவது

உடலின் நிறத்திலேயே ஹெட்ஸ்டாக் முகத்தையும் பூசிவிடுவது ஃபெண்டரே அறுபதுகளில் செய்ததுதான். பழைய எழுத்தின் தடம், நிறத் திட்டு எல்லாம் பெயின்ட்டுக்கு அடியில் போய்விடும் என்பதால், தடித்த எழுத்திலிருந்து மெல்லிய எழுத்துக்குப் போக நினைப்பவருக்கு இதுவே நல்ல குறுக்கு வழி.

ஃபெண்டரின் போட்டியாளரான கிப்சனின் கிட்டார் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பொருந்தாது. அவர்களின் பெரும்பாலான மாடல்களில் எழுத்து முத்துச்சிப்பியில் பதித்தது. மாற்ற வேண்டுமென்றால் ஹெட்ஸ்டாக் முகத்தின் வெனீரையே உரிக்க வேண்டும். 2015-ல் கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் நூற்றாண்டுக்காக ஹெட்ஸ்டாக்கில் ‘100’ என்ற எழுத்தும், பின்பக்கம் ஹோலோகிராமும் போட்டு, தானே ட்யூன் செய்யும் இயந்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள். 2016-ல் வரிசையைப் பாரம்பரியம், ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டிவந்தது. அந்த 2015 கிட்டார் பிடிக்கவில்லை என்றால் அதைச் சுரண்டுவதைவிட வேறு வருஷத்துக் கிட்டாரை வாங்குவது மலிவு.

எதைச் செய்தாலும் ஒரு கோடு உண்டு. ஃபெண்டர் கிட்டாரின் பழைய எழுத்தைப் புது எழுத்தாக மாற்றி நீங்களே வாசிப்பது ஒன்று. வேறு கம்பெனி நெக்கில் அந்தப் பெயரை ஒட்டி விற்பது வேறு. 2009-ல் ஸ்ட்ராட், டெலி, பிரெசிஷன் பாஸ் உடல் வடிவங்களை வணிகக் குறியாகப் பதிவு செய்யும் முயற்சியில் ஃபெண்டர் தோற்றது. ஆனால் பெயரும் ஹெட்ஸ்டாக் வடிவமும் இன்னும் அவர்களுடையவைதான். இரண்டாவது வேலை போலிப் பொருள் விற்பது, இந்தியாவிலும் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி குற்றம்.

உங்கள் சொந்த ஃபெண்டரில் மாற்றியிருந்தாலும், விற்கும்போது ‘டெக்கல் மாற்றியது’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். சுரண்டத் தொடங்கும் முன், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, எழுத்தும் தொடர் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது டெக்கலின் இடத்தைக் குறிக்கவும் அந்தப் படம்தான் வேண்டும்.